இ.சி. (வில்லங்கச் சான்று) சுத்தமாக இருக்கிறது, பட்டாவும் பெயரில் இருக்கிறது. அக்ரிமென்ட் போடலாமா?

கயல்_மதுரை (திங்கள், காலை 10:40)
எல்லோருக்கும் வணக்கம். ஒன்றரை வருடமாக வீடு தேடி, மதுரையில் ஒரு வீடு மனதுக்குப் பிடித்துவிட்டது. 20 வருடத்துக்கு மேலான கட்டடம், மேல் மாடியில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. விலை 58 லட்சத்தில் முடிந்திருக்கிறது. விற்பவருக்கு 52 வயது இருக்கும், நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். 30 வருட வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தோம். நடுவில் ஒரு வங்கிக் கடன், அதைத் தவிர ஒன்றுமில்லை. பட்டா அவர் பெயரில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை 5 லட்சம் கொடுத்து அக்ரிமென்ட் போடச் சொல்லி புரோக்கர் அவசரப்படுத்துகிறார். வக்கீலிடம் காட்டினால் இழுத்தடிப்பார் என்றும் சொல்கிறார். எங்கள் சேமிப்பு முழுவதும் இதில்தான் போகிறது. எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள்.

செங்கல்சூளை (திங்கள், காலை 11:15)
இ.சி. கிளியர், பட்டா பெயரில், அப்புறம் என்ன யோசனை? லோன் போடுவீர்கள்தானே, பேங்க் வக்கீலே எல்லாம் பார்த்துவிடுவார். நல்ல இடம் என்றால் விட்டுவிடாதீர்கள். நாலு பேர் க்யூவில் நிற்பார்கள்.

பழைய_பத்திரம் (திங்கள், மதியம் 1:05)
அம்மா, நான் 34 வருடம் பத்திரம் எழுதியவன். இப்போது ஓய்வு. செங்கல்சூளை தம்பி சொன்ன மூன்றையும் நம்பி வாங்கிவிட்டுக் கோர்ட் படி ஏறியவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

வில்லங்கத்தில் வருவது பதிவானது மட்டும்தான். அதிலும் எல்லாம் வராது. உயில் பதிந்திருந்தாலும் வில்லங்கத்தில் தெரியாது, ஏனென்றால் அது ஏறுவது பதிவு அலுவலகத்தின் 3ஆம் புத்தகத்தில். நீங்கள் பார்த்தது 1ஆம் புத்தகத்தின் விவரம். பதியாத உயில், வாய்மொழியாகப் பேசிக்கொண்ட பாகம், கையெழுத்துப் போடாமல் விடுபட்ட வாரிசு, எதுவுமே அதில் தெரியாது. பட்டா வருவாய்த் துறைப் பதிவு. வரி கட்டுவது யார் என்பதற்கு அது சாட்சி. அது மட்டும் வைத்து உரிமை வந்துவிடாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன.

பேங்க் வக்கீல் பார்ப்பது பேங்கின் பணத்துக்காக. அவர் பார்ப்பதும் நல்லதுதான், ஆனால் உங்களுக்காக ஒருவர் தனியாகப் பார்க்க வேண்டும்.

மூன்று கேள்வி கேட்கிறேன். விற்பவருக்கு இந்தச் சொத்து எப்படி வந்தது? அந்தக் கடன் பதிவு எந்த வருடம், முடிந்ததற்கான ரசீது பதிவாகியிருக்கிறதா? அசல் பத்திரங்களைக் கண்ணால் பார்த்தீர்களா, ஜெராக்ஸா?

கயல்_மதுரை (திங்கள், இரவு 9:20)
ஐயா, இன்று கேட்டுவிட்டு வந்தேன்.

அவருடைய அப்பா மில்லில் வேலை பார்த்த சம்பாத்தியத்தில் 1978இல் இடத்தைக் கிரயம் வாங்கியிருக்கிறார். 1998இல் இறந்துவிட்டார், உயில் எதுவும் இல்லையாம். 2003இல் அம்மா, அண்ணன், இவர் மூவரும் பாகப்பிரிவினை பதிந்திருக்கிறார்கள். அம்மா தன் பங்கை மகன்களுக்கே விட்டுவிட்டார். ஒரு காலி மனை அண்ணனுக்கு, இந்த இடம் இவருக்கு. அதன் பிறகுதான் வீடு கட்டியிருக்கிறார். அம்மா 2015இல் காலமாகிவிட்டார்.

கடன் பதிவு 2011. "உரிமை ஆவண ஒப்படைப்பு" என்று இருக்கிறது, அதாவது அசல் பத்திரத்தை வங்கியில் வைத்து வாங்கிய கடன். 2024இல் கட்டி முடித்துவிட்டேன் என்கிறார், ஆனால் ரசீது பதிவு வில்லங்கத்தில் இல்லை. அசல் எதையும் நாங்கள் பார்க்கவில்லை.

இன்னொன்று. பேச்சுவாக்கில் "அக்காவுக்கு 1986லேயே நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு" என்றார். பாகப்பிரிவினையில் அந்த அக்கா பெயரே இல்லை. இது பிரச்சினையா?

பழைய_பத்திரம் (திங்கள், இரவு 9:48)
இதுதான் பிரச்சினை. வெள்ளிக்கிழமை அக்ரிமென்ட் வேண்டாம். வக்கீல் யாராவது வந்து விளக்கட்டும்.

செங்கல்சூளை (செவ்வாய், காலை 8:30)
1989 வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் என்ன சொல்கிறது? 25.3.1989க்கு முன்னால் கல்யாணம் ஆன மகளுக்குப் பங்கு கிடையாது. இவர் 1986இல் கட்டிக்கொண்டு போனவர். 2005 மத்திய சட்டத்திலும் 20.12.2004க்கு முன்னால் பதிந்த பாகப்பிரிவினையைத் தொட முடியாது. இது 2003. ரெண்டு பக்கமும் அக்காவுக்கு வழியில்லை. வீணாகப் பயமுறுத்துகிறீர்கள்.

வக்கீல்_நெல்லை (செவ்வாய், காலை 9:55)
செங்கல்சூளை சார், நீங்கள் சொன்ன தேதிகள் எல்லாம் சரி. ஆனால் அந்தத் தேதிகள் இந்த வீட்டுக்குப் பொருந்தாது. இந்தக் குழப்பத்தை வாரம் ஒருமுறை என் மேசையில் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1989 தமிழ்நாடு திருத்தமும் 2005 மத்தியத் திருத்தமும் பேசுவது பூர்வீகச் சொத்தை, அதாவது கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள் பிறப்பாலேயே மகனைப்போலப் பங்காளி ஆவதை. 2020இல் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் விளக்கியதும் அதைத்தான். இந்த வீட்டு இடம் அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. உயில் எழுதாமல் ஒரு இந்து ஆண் இறந்தால் அவருடைய தனிச் சொத்து 1956 வாரிசுரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமமாகப் போகும். மனைவி, மகன், மகள் எல்லோரும் அந்த வகுப்பில் இருக்கிறார்கள். மகளுக்குக் கல்யாணம் ஆனதா, எந்த வருடம் ஆனது, எத்தனை பவுன் போட்டார்கள் என்ற கேள்வியே அங்கே இல்லை. 1998இல் அப்பா இறந்த அன்றே நாலு பேருக்கும் ஆளுக்குக் கால் பங்கு வந்துவிட்டது.

ஆகவே 2003இல் மூன்று பேர் உட்கார்ந்து பிரித்துக்கொண்டது அவர்கள் மூவருடைய முக்கால் பங்கைத்தான் கட்டுப்படுத்தும். அக்காவின் கால் பங்கு இன்னும் அந்த இடத்தில் அப்படியேதான் இருக்கிறது. விற்பவர் தனியாகக் கையெழுத்துப் போட்டால், தன்னிடம் இல்லாத கால் பங்கையும் சேர்த்து உங்களுக்கு விற்கிறார். கயல், அக்காவின் பெயர் இல்லாத பத்திரத்துக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

செங்கல்சூளை (செவ்வாய், காலை 10:20)
சரி மேடம், பூர்வீகம், தனிச் சொத்து வித்தியாசத்தை நான் யோசிக்கவில்லை. ஆனால் 20 வருடத்துக்கு மேல் அந்தம்மா கேட்கவே இல்லையே. 12 வருடம் அனுபவித்தால் தனக்கே சொந்தம், அனுபோகம் என்று ஒன்று இருக்கிறதே?

வக்கீல்_நெல்லை (செவ்வாய், காலை 10:41)
கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் அனுபவித்தால் அது மற்றவர்களுக்காகவும் அனுபவிப்பதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். "உனக்குப் பங்கில்லை" என்று வெளிப்படையாக மறுத்து, அது அவருக்குத் தெரிந்து, அதன் பிறகு 12 வருடம் ஓடியிருந்தால்தான் அந்த வாதம் எடுபடும். அதை நிரூபிக்கும் பாரம் மறுத்தவர் தலையில். கோர்ட்டில் தம்பி ஜெயிக்கவும் கூடும். ஆனால் அந்த வழக்கை ஏன் 58 லட்சம் கொடுத்துக் கயல் வாங்க வேண்டும்?

தாமிரபரணி (செவ்வாய், மதியம் 2:30)
நான் வாங்கினேன், மேடம் சொன்ன அதே மாதிரி வழக்கை. இ.சி., பட்டா எல்லாம் பார்த்துத்தான் வாங்கினேன். ஆறாவது வருடம் விற்றவரின் தங்கை பாகம் கேட்டு வழக்குப் போட்டார். என்னையும் பிரதிவாதியாகச் சேர்த்தார்கள். வழக்கு நடந்த காலம் முழுக்க வீட்டை விற்கவும் முடியவில்லை, மகள் படிப்புக்கு அடமானம் வைக்கவும் முடியவில்லை. கடைசியில் அந்தத் தங்கைக்கு நானே பணம் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டேன். விற்றவர் போனை எடுக்கவே இல்லை.

கயல் அம்மா, அந்தத் தங்கை மேல் எனக்குக் கோபமே இல்லை. அவருக்கு வர வேண்டியதைத்தான் கேட்டார். வாங்குகிற அன்றைக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், யாரும் கேட்கவில்லை.

மல்லிகா_68 (செவ்வாய், மாலை 6:10)
நான் அந்த அக்கா இடத்தில் இருந்தவள். அப்பா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் என் அண்ணன்கள் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். அது வாரிசுச் சான்றுக்கு என்று நினைத்துப் போட்டேன். பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் என்பது பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனபோதுதான் தெரிந்தது. அங்கே உட்கார்ந்து அழுதால் அண்ணன்களுக்கு அவமானம் என்று கைரேகை வைத்துவிட்டு வந்தேன்.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்த அம்மாவை நீங்களே நேரில் பாருங்கள். தம்பி கூட்டிவந்து கையெழுத்து வாங்கித் தருகிறேன் என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள். விட்டுக்கொடுக்கிறாரா, பணம் வாங்கிக்கொள்கிறாரா என்பது அவர் இஷ்டம். ஆனால் என்ன பத்திரம், எதை விடுகிறோம் என்று அவருக்கு யாராவது வாசித்துக் காட்ட வேண்டும்.

கயல்_மதுரை (செவ்வாய், இரவு 10:02)
மல்லிகா அம்மா, இதைப் படித்துவிட்டு வெகு நேரம் எதுவும் எழுத முடியவில்லை. கட்டாயம் நேரில் போய்ப் பார்க்கிறேன்.

வக்கீல் மேடம், அக்கா தனியாக விடுதலை எழுதிக் கொடுப்பது நல்லதா, எங்கள் கிரயத்திலேயே கையெழுத்துப் போடுவது நல்லதா? சாட்சியாகப் போட்டால் போதும் என்கிறார் புரோக்கர்.

வக்கீல்_நெல்லை (புதன், காலை 7:30)
சாட்சிக் கையெழுத்து போதவே போதாது. சாட்சி என்பவர் "இவர் கையெழுத்திட்டதைப் பார்த்தேன்" என்று சொல்பவர் மட்டும்தான். தன் உரிமையை விட்டதாக ஆகாது.

இரண்டு வழி இருக்கிறது. அக்கா முதலில் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் பதிந்து கொடுக்கலாம். குடும்பத்துக்குள் நடப்பதால் கட்டணம் கிரயத்தைவிட வெகு குறைவு. அல்லது கிரயப் பத்திரத்தில் தம்பியோடு அக்காவும் விற்பவராகவே சேரலாம். அவருடைய தொகை அவர் கணக்குக்கே நேராகப் போகும். மல்லிகா அம்மா சொன்னதை வைத்துப் பார்த்தால் இரண்டாவதைத்தான் நான் சொல்வேன். பணம் யாருக்கு எவ்வளவு போனது என்பதும் பத்திரத்திலேயே நிற்கும்.

அண்ணன் இருக்கிறார் இல்லையா, அவர் 2003 பத்திரத்தில் கையெழுத்திட்டவர், அவர் பங்கு முடிந்தது. அப்பாவின் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் இன்னொரு பெயர் இருந்தால் இப்போதே தெரிந்துவிடும்.

துபாய்_முத்து (புதன், காலை 11:00)
நடுவில் ஒரு சந்தேகம். எங்கள் குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம். இதே கணக்குத்தானா? அப்புறம், நான் வெளிநாட்டில் இருப்பதால் தம்பிக்கு பவர் (அதிகாரப் பத்திரம்) கொடுத்து விற்கலாம் என்று யோசனை.

வக்கீல்_நெல்லை (புதன், மதியம் 12:15)
கிறிஸ்தவருக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம். விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குள் சமம், ஆண் பெண் வித்தியாசம் இல்லை. இஸ்லாமியருக்கு அவர்கள் சட்டம், அதில் மகனுக்கு மகளைப்போல் இரண்டு பங்கு.

பவர் கொடுப்பது தவறில்லை. வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பதிவன்று நீங்கள் உயிரோடு இருப்பதற்கான சான்றும் கேட்பார்கள், ஏனென்றால் கொடுத்தவர் இறந்தால் பவரும் போய்விடும். ஆனால் பவரையே கிரயம்போல வைத்துச் சொத்து கைமாறுவதை யாரும் நம்பாதீர்கள். 2011இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படி உரிமை மாறாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

பழைய_பத்திரம் (புதன், மாலை 5:40)
கயல் அம்மா, கடன் விஷயம் விட்டுப்போனது. கடன் முழுக்கக் கட்டிய 30 நாளுக்குள் அசல் பத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது, 1.12.2023 முதல். வங்கியால் தாமதம் ஆனால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் அவர்கள் கொடுக்க வேண்டும். அதனால் 2024இல் முடித்தவரிடம் அசல் இருக்க வேண்டும். அசலைக் காட்டவில்லை என்றால் ஒன்று கடன் பாக்கி இருக்கிறது, அல்லது வேறெங்கோ வைத்திருக்கிறார். முதலில் அசல், பிறகு வங்கியின் நிலுவையில்லாச் சான்று, பிறகு ரசீதுப் பதிவு. மூன்றும் முடிந்த பிறகு புதிதாக ஒரு வில்லங்கம் போடுங்கள்.

1978 கிரயம், 2003 பாகம் இரண்டுக்கும் பதிவு அலுவலகத்தில் நகல் வாங்கி அசலோடு வரிக்கு வரி ஒத்துப் பாருங்கள். நாலு எல்லையையும் படித்துக்கொண்டே இடத்தில் நில்லுங்கள். நகர நில அளவைப் பதிவேட்டில் எத்தனை சதுர மீட்டர் இருக்கிறதோ அதுதான் நாளைக்குப் பேசும். டேப் பிடித்து அளக்காமல் வாங்காதீர்கள். மாடியில் குடியிருப்பவரிடம் முன்பணம் எவ்வளவு கொடுத்திருக்கிறார், எப்போது காலி செய்வார் என்று நீங்களே கேளுங்கள்.

கயல்_மதுரை (வியாழன், இரவு 8:45)
இன்று இரண்டு வேலை நடந்தது. அசல் பத்திரங்கள் மச்சினர் வீட்டு பீரோவில் இருந்தனவாம், கொண்டுவந்து காட்டினார். ரசீது பதிய வேண்டும் என்பதே அவருக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் வங்கிக்குப் போகிறார்.

புரோக்கர் புதிதாக ஒன்று சொல்கிறார். அரசு குறித்த வழிகாட்டி மதிப்பு 36 லட்சம்தான் வருகிறது, அதையே பத்திரத்தில் காட்டிவிட்டு மீதி 22 லட்சத்தை ரொக்கமாகக் கொடுத்தால் செலவு பாதி மிச்சம் என்கிறார்.

ஆடிட்டர்_ஆபீஸ் (வியாழன், இரவு 9:30)
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முதலில் கணக்கு: முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, மொத்தம் 9%. விலையும் வழிகாட்டி மதிப்பும் எது அதிகமோ அதன் மேல். 58 லட்சத்துக்கு 5,22,000 ரூபாய். 36 லட்சம் என்று காட்டினால் 3,24,000. "பாதி மிச்சம்" என்பதே பொய், மிச்சம் 1,98,000.

அதற்காக நீங்கள் எடுக்கும் ஆபத்தைப் பாருங்கள். வீடு விற்கும்போது 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது. அது விற்பவர் தலையில். உங்கள் தலையில் விழுவது வேறு. கிரயம் ஏதோ காரணத்தால் முறிந்தால் அந்த 22 லட்சத்துக்கு உங்களிடம் ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. நாளை நீங்கள் விற்கும்போதும் வாங்கிய விலை 36 லட்சம் என்றே எடுத்துக்கொள்வார்கள், கிடைக்காத லாபத்துக்கு வரி கட்டுவீர்கள். வங்கிக் கடனும் பத்திர விலையை ஒட்டித்தான் வரும்.

50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வாங்குபவர் 1% பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். உங்களுக்கு 58,000. வரி பிடிப்பவருக்கான டான் எண் தனியாக வேண்டாம், பான் போதும். விற்பவர்கள் இரண்டு பேர் என்றால் ஒவ்வொருவர் பான் எண்ணிலும் தனித்தனியாகக் கட்டுங்கள். இதை மறந்துவிட்டு வட்டி கட்டியவர்கள் நிறையப் பேர்.

விற்பவருக்கும் ஒன்று சொல்லுங்கள், அவர் முழு விலை காட்டப் பயப்படுவது வரிக்காகத்தான். 23.7.2024க்கு முன்னால் வாங்கிய சொத்து என்பதால், 12.5% நேராகவா, விலைவாசிக் குறியீட்டைக் கழித்து 20%ஆ, எது குறைவோ அதைக் கட்ட அவருக்கு வழியிருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்கினாலோ மூன்று வருடத்துக்குள் கட்டினாலோ அந்த அளவுக்கு விலக்கும் உண்டு.

கயல்_மதுரை (ஞாயிறு, மாலை 7:15)
நேற்று அக்காவைப் பார்க்க விருதுநகர் போனோம். நானும் என் கணவரும் மட்டும். காபி கொடுத்து உட்காரவைத்து, "நீங்கள்தான் வாங்குகிறீர்களா? அந்த இடத்தில் அப்பா ஒரு முருங்கை வைத்திருந்தாரே, இருக்கிறதா?" என்றுதான் முதலில் கேட்டார். இருக்கிறது, வெட்டுப்பட்டுத் துளிர்த்திருக்கிறது என்றேன்.

பங்கு இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. சட்டத்தைச் சொன்னபோது வெகு நேரம் பேசவில்லை. பிறகு, தம்பி வந்து கேட்கட்டும், கையெழுத்துப் போடுகிறேன் என்றார். தம்பியிடம் இதைச் சொல்வது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. முதலில் கோபப்பட்டார். இன்று அவரே போன் செய்து, அக்காவுக்கு 9 லட்சம் கொடுக்கிறேன், அவர் கணக்கிலேயே போட்டுவிடுங்கள் என்றார். அக்கா சம்மதித்துவிட்டார்.

மல்லிகா_68 (ஞாயிறு, இரவு 8:00)
நல்லது செய்தீர்கள் அம்மா.

வக்கீல்_நெல்லை (ஞாயிறு, இரவு 8:40)
இப்போது அக்ரிமென்ட் போடலாம். இருவரும் விற்பவர்களாக. தமிழ்நாட்டில் 1.12.2012 முதல் கிரய ஒப்பந்தமும் பதிய வேண்டிய ஆவணம்தான், பதியாமல் முத்திரைத் தாளில் மட்டும் எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். ஒப்பந்தத்தால் மட்டும் வீட்டில் உங்களுக்கு உரிமை வந்துவிடாது. கிரயம் செய்து தரச் சொல்லிக் கேட்கும் உரிமைதான் வரும், அதற்கும் குறித்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் கெடு. அதனால் நாள் குறியுங்கள், ரசீதுப் பதிவு முடிய வேண்டும் என்று எழுதுங்கள், முடியாவிட்டால் முன்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்றும் எழுதுங்கள். வங்கிக் கடன் கிடைக்காமல் போனால் என்ன என்பதைப் பலர் எழுத மறக்கிறார்கள்.

கயல்_மதுரை (இரண்டு மாதம் கழித்து, வெள்ளி, மாலை 6:30)
இன்று கிரயம் பதிவாகிவிட்டது! காலை டோக்கன், மதியம் புகைப்படமும் கைரேகையும். சார்பதிவாளர் அக்காவிடம், விற்பது தெரியுமா, பணம் வந்ததா என்று கேட்டார். "வந்தது" என்றார் அக்கா. மாடிக் குடும்பம் தை வரை இருக்கிறார்கள், வாடகை இனி எங்களுக்கு. 1% கட்டியாயிற்று, இரண்டு பான் எண்ணிலும். இடத்தைத் துண்டாகப் பிரிக்காததால் (உட்பிரிவு இல்லை) பட்டா தானாக மாறும் என்றார்கள்.

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

பழைய_பத்திரம் (வெள்ளி, இரவு 7:10)
சந்தோஷம் அம்மா. பத்து நாள் கழித்து உங்கள் பெயருக்கு ஒரு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். தட்டச்சில் சர்வே எண் மாறி ஏறியிருந்தால், விற்றவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே பிழைத்திருத்தல் பத்திரம் போட்டுவிடலாம்.

கயல்_மதுரை (திங்கள், காலை 9:05)
ஐயா, போட்டுப் பார்த்தேன். சர்வே எண் சரி. கதவு எண் 14 என்பது 41 ஆகியிருக்கிறது. அக்காவுக்குப் போன் செய்தேன், வியாழக்கிழமை வருகிறேன் என்றார். முருங்கைக் கொம்பு ஒன்று வெட்டி வைக்கச் சொன்னார்.